பாரதம் படிக்கிற பெரியவர்

நாயனம் வாசிக்கிறார்கள், வீணை வாசிக்கிறார்கள், புத்தகமும் வாசிக்கிறார்கள். தமிழில் மூன்றுக்கும் ஒரே வினைதான். தென்மாவட்டங்களில் பாடுவதையே பாட்டுப் படிப்பது என்பார்கள். கோயிலில் தேவாரம் பாடுகிறவருக்கு ஓதுவார் என்று பெயர், ஓதுவதும் படிப்பதுதான். இன்று வாசிப்பு என்றதும் நம் கண்முன் வருகிறவர் வாயை மூடிக்கொண்டு, தனியாக, தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார். மொழி நினைவில் வைத்திருப்பவரோ வேறு ஆள். அவருக்குக் குரல் உண்டு, எதிரில் நாலு பேர் உண்டு, வாசிப்பு நன்றாக இருந்தது, இன்றைக்குச் சரியில்லை என்று சொல்லக்கூடிய ரசிகர்களும் உண்டு. கச்சேரிக்கு விமரிசனம் எழுதுகிறோம், கூத்துக்கு எழுதுகிறோம், பட்டிமன்றத்துக்குக்கூட எழுதுகிறோம். தெருவில் ஒரு பெரியவர் கண்ணாடியை மூக்கில் நிறுத்தி, மடியில் புத்தகத்தை விரித்து, பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் சேர்த்துப் படித்த கலைக்கு மட்டும் ரசனைக் குறிப்பு ஒன்றும் இல்லை. அது கலை என்பதும், அதற்கு நுட்பங்கள் உண்டு என்பதும், ஊரில் வாசிப்பு பரவிய வழிகளில் அதுவே முதன்மையானது என்பதும்தான் இங்கே என் வாதம். அதற்கு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்தைவிடத் தோதான இடம் கிடைக்காது. கார், கண்ணாடி, டயர், செல்போன் என்று இந்த வட்டாரத்துக்கு இப்போது எத்தனையோ அடையாளங்கள். ஆனால் உரக்கப் படிப்பதற்கு நிலம் எழுதிவைத்த பழைய சான்றுகளில் ஒன்றும் இந்த வட்டாரத்தினுடையதுதான்.

காஞ்சிபுரத்துக்கு வடக்கே கூரம் என்றொரு சிற்றூர். ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்ம பல்லவனின் செப்பேடு அங்கே கிடைத்தது. சமஸ்கிருதத்திலும் தமிழிலும் எழுதப்பட்ட ஏடு அது. ஊற்றுக்காட்டுக் கோட்டத்தில் இருந்த ஒரு கிராமத்தைப் பங்கு பங்காகப் பிரித்து, எதற்கு எந்தப் பங்கு என்று அதில் சொல்லியிருக்கிறது. வேதம் வல்லவர்களுக்கு, கோயில் பூசைக்கு, மண்டபத்துக்குத் தண்ணீரும் நெருப்பும் வைப்பதற்கு என்று போகும் பட்டியலில், அந்த மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கும் ஒரு பங்கு இருக்கிறது. அந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தது தண்ணீர், நெருப்பு, பாரதம் என்ற அந்த அண்மை. கூடும் மனிதர்களுக்குத் தாகத்துக்கு ஒன்று, இருட்டுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று. செப்பேடு எழுதியவருக்கு இவற்றில் எதுவும் ஆடம்பரமாகத் தோன்றவில்லை. ஏடு வாங்கிவைக்க நிலம் ஒதுக்கியதாக அதில் இல்லை, வாசிப்பதற்குத்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். படிக்க ஆள் இல்லாத சுவடி சுமைதான் என்பது பல்லவன் காலத்திலேயே தெரிந்த சங்கதி.

அந்த வழக்கம் அறுந்துபோகவும் இல்லை. தொண்டைமண்டலத்தில் திரௌபதியம்மன் கோயில் உள்ள ஊர்களில் அக்னி வசந்த விழா வந்தால், பிற்பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து, முடிவில் துரியோதனன் படுகளம், தீமிதி. பிற்பகலில் படித்துச் சொல்லப்பட்ட கதை இரவில் ஆடிக் காட்டப்படும். பாரதியார் என்றால் நமக்கு எட்டயபுரத்துக்காரர் ஒருவரைத்தான் தெரியும். இந்தப் பக்கத்தில் பந்தலில் உட்கார்ந்து பாரதம் சொல்கிறவர் எல்லோருமே பாரதியார்தான். அவர் முன்னால் இருப்பது வில்லிபுத்தூராரின் நூல், நாலாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை அதை இன்னும் பல மடங்காகப் பெருக்கினார் என்றால், கேட்கிற காதுகளுக்கு அப்போதும் பசி தீரவில்லை என்றுதான் பொருள். இது ஏதோ பாட்டி வடைசுட்ட கதை மாதிரி எளிய நடையும் அல்ல. வில்லியின் பாட்டில் வடசொல் தொடர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும், தமிழ் எம்.ஏ. படித்தவருக்கும் பதம் பிரிக்க ஒரு நிமிஷம் ஆகும். அதைத்தான் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பத்து நாள், பதினெட்டு நாள் உட்கார்ந்து கேட்டு, அடுத்த வருஷம் பாரதியார் ஓர் அடியைத் தவறவிட்டால் கண்டுபிடிக்கும் அளவுக்குத் தேறினார்கள். அவர்களை அப்படித் தேற்றிவிட்டது எது என்பதுதான் ரசிகன் கேட்க வேண்டிய கேள்வி.

முதலில் பாரதியார் பாட்டை முழுதாக ஒரு ராகத்தில் இழுத்துப் படிப்பார், அல்லது பக்கத்தில் இருக்கும் பின்பாட்டுக்காரர் படிப்பார். அப்போது அர்த்தம் விளங்காது, விளங்கவும் வேண்டாம். விருத்தத்தின் நாலடியும் இரண்டாம் எழுத்தில் எதுகையாகக் கட்டுண்டிருப்பதால், அடுத்த அடி எந்த ஒலியில் எழும் என்பதைக் காது தானே எதிர்பார்க்கத் தொடங்கிவிடும். அறிவுக்கு முன்னால் காது தயாராகிறது. பிறகு பதம் பிரிப்பு. சேர்ந்து கிடந்த சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார், தறியில் இழை பிரிக்கிற மாதிரி அவசரமில்லாமல். அடுத்துச் சொல்லுக்குப் பொருள், பிறகு பாட்டின் பொருள், அங்கிருந்து ஒரு கிளைக்கதை, கிளைக்கதையிலிருந்து உள்ளூர் நடப்பு, கொஞ்சம் கேலி, மேளக்காரரைச் சீண்டுவது. எல்லாம் சுற்றிவிட்டுத் திரும்பவும் பாட்டின் கடைசி அடிக்கு வந்து அதை இரண்டாம் முறை படிப்பார். நல்ல வாசிப்பைக் கண்டுகொள்ளும் இடம் இதுதான். அரை மணி நேரத்துக்கு முன் வெறும் ஓசையாகப் போன அதே அடி, இப்போது ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கண்திறந்து நிற்கும். எழுத்து ஒன்றும் மாறவில்லை, படித்த குரலும் பெரிதாக மாறவில்லை, கேட்டவர்தான் மாறியிருக்கிறார். சுமாரான பாரதியார் கிளைக்கதையில் கைதட்டல் வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றுவிடுவார். தேர்ந்தவர் திரும்பி வருவார். மூச்சை எங்கே விடுகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். அடி முடிந்த இடத்தில் கருத்து முடியாமல் அடுத்த அடிக்கு ஓடும்போது, கற்றுக்குட்டி அடி முடிவில் மூச்சு வாங்கிப் பொருளை இரண்டாக முறித்துவிடுவார். தேர்ந்தவர் மூச்சை அடக்கிக்கொண்டு வரம்பைத் தாண்டிப் போய், பொருள் இறங்குகிற இடத்தில்தான் குரலை இறக்குவார். ஓசையும் சிதையாமல் பொருளும் முறியாமல் நடுவே போவது, நாயனக்காரர் தாளத்தை விடாமல் பிடியை நீட்டுவதற்குச் சமமான வித்தை.

இன்னொன்று உண்டு, என் கணக்கில் அதுதான் மையம். இந்தப் பெரியவர்களில் பலருக்கும் பாட்டு முழுக்க மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஆனாலும் எதிரே சிக்குப்பலகையில் புத்தகம் விரிந்திருக்கும். பெருக்கல் குறி மாதிரி விரிந்து நிற்கும் அந்தச் சின்ன மரப்பலகை, மடக்கினால் கையகலம். புத்தகம் அட்டை போயிருக்கும், முதுகில் நூல் போட்டுக் கட்டியிருக்கும், ஓரம் பழுத்திருக்கும். பார்க்கத் தேவையில்லாத பக்கத்தை அவர் விரலை நாக்கில் தொட்டுப் புரட்டுவார். ஏன்? நான் சொல்வது என் சரக்கல்ல, இதோ இதில் இருக்கிறது என்று காட்டத்தான். கதைசொல்லிக்கும் வாசிப்பவருக்கும் வித்தியாசம் அந்தப் பலகையில் இருக்கிறது. கதைசொல்லி நன்றாகச் சொன்னால் நமக்கு அவர்மேல் ஆசை வரும். நாளைக்கும் வருவாரா என்று கேட்போம். வாசிப்பவர் நன்றாகப் படித்தால் ஆசை புத்தகத்தின்மேல் போகும். அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் பக்கத்தை எட்டிப் பார்க்கிற பையனுக்குத் தெரிந்துவிடுகிறது, இத்தனை யானையும் தேரும் இந்தக் கறுப்புப் பொடி எழுத்துகளுக்குள்தான் இருந்தன என்று. அங்கே ஒரு வாசகன் பிறக்கிறான். பிரசாரமோ பரிசோ செய்யாத வேலையை ஒரு பக்கம் புரட்டும் விரல் செய்துவிடுகிறது.

குரலுக்கு இவ்வளவு வேலை ஏற்பட்டதற்கு எழுத்தின் கோளாறும் ஒரு காரணம் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஓலையில் புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்று பெரும்பாலும் வைக்கமாட்டார்கள். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. எகர ஏகார வேறுபாடும் தெரியாது. அதைத் தெளிவாகக் காட்ட வரிவடிவத்தைத் திருத்தியவர் பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவர். ஆக, ஏடு என்பது பாதிதான். மீதிப் பாதி ஏற்கெனவே படித்துத் தேறிய ஒரு பெரியவரின் தொண்டையில் இருந்தது. அவர் இல்லாமல் சுவடி திறக்காது. யாழ்ப்பாணத்தில் இதை இரண்டு ஆள் கலையாகவே செம்மை செய்தார்கள். கோயிலில் கந்தபுராண படனம் நடக்கும்போது ஒருவர் செய்யுளைப் படிப்பார், இன்னொருவர் பயன் சொல்வார். பயன் என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். உரை, விளக்கம் என்றெல்லாம் அவர்கள் பெயர் வைக்கவில்லை. படித்ததால் கையில் என்ன கிடைத்தது என்பதைச் சொல்கிறவர் அவர். அந்த மண்ணில்தான் ஆறுமுக நாவலர் 1847இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கம் தொடங்கினார்; பின்னால் அச்சுத் தமிழ் உரைநடையில் நிறுத்தக் குறிகளை முறையாகப் போட்டவரும் அவரே. காற்புள்ளி என்பது மூச்சு வாங்குகிற இடம் என்பதைப் பிரசங்க மேடையில் நின்ற மனிதரைவிட யார் நன்றாக அறிந்திருக்க முடியும்? அப்புறம் சென்னையில் இரத்தின நாயகர் அண்ட் ஸன்ஸ் போன்றவர்கள் ‘பெரிய எழுத்து’ என்று போட்டே நல்லதங்காளையும் விக்கிரமாதித்தனையும் அச்சடித்து விற்றார்கள். மங்கிய கண்ணோடு விளக்கு வெளிச்சத்தில் படிக்கிற பெரியவரையும், எழுத்துக்கூட்டிப் படிக்கிற புதியவரையும் ஒரே எழுத்தளவு திருப்திப்படுத்தியது. அட்டையில் எழுத்தின் அளவை விளம்பரமாகப் போட்ட பதிப்பாளருக்குத் தன் வாசகர் யார் என்று நன்றாகவே தெரிந்திருக்கிறது.

ஸ்ரீபெரும்புதூர் என்றால் 1017இல் அங்கே பிறந்ததாகச் சொல்லப்படும் இராமாநுசரைத் தாண்டி எழுத முடியாது. அவரை ஆசாரியராகவே பார்த்துப் பழகிவிட்டோம். குருபரம்பரைக் கதைகளைப் படித்தால் அவர் முதலில் ஒரு கேட்பவர். பூந்தமல்லியிலிருந்து காஞ்சி வரதனுக்கு ஆலவட்டம் வீசும் கைங்கரியத்துக்காகத் திருக்கச்சி நம்பி என்ற பெரியவர் நடந்துபோன வழியில் இந்த ஊர் இருந்தது. அந்தணரல்லாத அவரை வீட்டுக்கு அழைத்து உபசரித்த இளைஞர்தான் இராமாநுசர் என்கிறது கதை. கம்பெனி பஸ்கள் ஓடுகிற இன்றைய சாலை ஏறக்குறைய அந்தத் திசைதான். அதைவிட நம் பேச்சுக்கு நெருக்கமான கதை, யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்ட கதை. உபநிடதத்தில் ‘கப்யாசம்’ என்றொரு சொல். இறைவனின் கண்ணுக்கு உவமை. ஆசிரியர் அதைக் குரங்கின் பின்புறம் என்று பிரித்துப் பொருள் சொன்னார். எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்த மாணவரின் கண்ணீர் ஆசிரியரின் தொடையில் சுட்டது. சூரியனால் மலர்ந்த தாமரை என்று அதே சொல்லை வேறு விதமாகப் பிரித்துக் காட்டினார் மாணவர். ஒரு பதம் பிரிப்புக்காக அழுத வாசகன் உலக இலக்கியத்தில் வேறு எங்கும் இருக்கிறானா என்று எனக்குத் தெரியாது. திருவாய்மொழியைத் திருமாலையாண்டானிடம் கேட்டபோதும் இதே தொல்லை. ஆசிரியர் சொன்ன பொருளுக்கு மேல் மாணவர் இன்னொன்று சொல்லப்போய்ப் பாடமே நின்றுபோனது. திருக்கோட்டியூர் நம்பி வந்து சமாதானம் செய்து மறுபடி தொடங்கிவைத்தார். இந்தக் கதைகளை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஒரு சமூகம் தன் தலைமை ஆசாரியரைப் பற்றிச் சொல்ல இத்தனை விஷயம் இருக்க, உரக்கப் படித்த பாடத்தில் குறுக்கே பேசிய நிமிஷங்களைத் தேர்ந்தெடுத்துக் காப்பாற்றியிருக்கிறது. அதுவே சான்று. பிற்காலத்தில் திருவரங்கத்தில் நம்பிள்ளை திருவாய்மொழி சொன்னதைக் கேட்டு வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதிவைத்த உரைதான் ஈடு முப்பத்தாறாயிரப்படி. கேட்க வந்த கூட்டத்துக்கு நம்பிள்ளை வீட்டில் இடம் போதாமல், பக்கத்து வீட்டு அம்மாள் தன் வீட்டையே கொடுத்துவிட்டு வைகுந்தத்தில் இடம் எழுதி வாங்கிக்கொண்டார் என்றும் ஒரு கதை. அண்டைவீட்டில் வாசிப்பவர் இருந்தால் என்ன நேரும் என்பதற்கு இதைவிட நல்ல கதை தேடவேண்டாம்.

இங்கே ஒரு கேள்வி எழும், எழவேண்டும். அந்தத் திண்ணையில் யார் உட்கார முடிந்தது? மண்டபத்தில் படித்த பாரதம் சேரிக்குக் கேட்டதா? பெண்கள் கதவுக்குப் பின்னாலிருந்துதானே கேட்டார்கள்? இதற்கு மழுப்பலான பதில் சொல்லக்கூடாது. குரல் யாருக்கும் சொந்தமில்லை என்றாலும் அது போய்ச் சேரும் இடத்தைச் சாதி அளந்துதான் வைத்திருந்தது. ஆனால் விலக்கப்பட்டவர்கள் அந்தக் கலையை வேண்டாமென்று விடவில்லை, தங்களுக்கென்று இன்னொரு திண்ணை கட்டிக்கொண்டார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதரின் ‘ஒரு பைசாத் தமிழன்’ 1907இல் வந்தது. எழுத்தறிவு அரிதாயிருந்த மக்களிடையே பத்திரிகை நடத்துவது எந்தக் கணக்கில் சாத்தியம்? ஒரு படி வாங்கினால் ஒருவர் படிக்கப் பலர் கேட்பார்கள் என்ற கணக்கில்தான். திராவிட இயக்கம் தெருமுனைகளில் வைத்த படிப்பகங்கள் அதே கணக்கின் விரிவு. கீற்றுக் கொட்டகை, ஒரு பெஞ்சு, கட்சிப் பத்திரிகைகள். அங்கே உரக்கப் படித்தவர் பேச்சாளராக ஆனதும் உண்டு. 1942இல் சி.பா. ஆதித்தனார் மதுரையில் தொடங்கிய தந்தி, பேசுகிற தமிழுக்கு அருகில் போய் எழுதியதால் டீக்கடையில் உரக்கப் படிக்கத் தோதானது. ஒருவர் கையில் விளையாட்டுப் பக்கம், ஒருவர் கையில் தலைப்புச் செய்தி, நடுப்பக்கம் பெஞ்சில். திண்ணைக்கு இருந்த வேலி டீக்கடைக்கு முழுக்க இல்லாமல் போகவில்லை. தனிக் கிளாஸ் வைத்த கடைகள் இருந்தன. இருந்தாலும், படிக்கிற குரல் அந்த வேலிக்குள் அடங்கவில்லை. கலையின் குற்றத்தையும் அதைப் பூட்டிவைத்தவர்களின் குற்றத்தையும் பிரித்துப் பார்க்க இதுவே எனக்குப் போதும்.

மௌனமாகப் படிப்பதுதானே உயர்ந்தது, உரக்கப் படிப்பது எழுத்தறியாத காலத்து ஊன்றுகோல்தானே என்று இன்னொரு பக்கத்திலிருந்து கேட்பவர்கள் உண்டு. நாலாம் நூற்றாண்டு மிலானில் ஆயர் அம்புரோஸ் உதடு அசையாமல் படித்ததை அகஸ்தீன் வியந்து குறித்துவைத்திருக்கிறார் என்று உதாரணமும் காட்டுவார்கள். மௌன வாசிப்பின் ஆழத்தை நான் மறுக்கவில்லை. ஒரு நாவலை இன்னொருவர் வேகத்தில் படிக்க என்னாலும் ஆகாது. ஆனால் மௌன வாசிப்பு தொற்றாது. அடுத்தவருக்கு அது வெறுமனே சும்மா உட்கார்ந்திருப்பது போலத்தான் தெரியும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அதிலிருந்து எதுவும் கசியாது. உரக்கப் படிப்பது வாசிப்பின் மழலைப் பருவம் அல்ல, அதன் விதை நேர்த்தி. உள்ளுக்குள் படிக்கிறவர் மனசிலும் ஒரு குரல் ஓடத்தான் செய்கிறது; அந்தக் குரல் எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். நல்ல குரல்களைக் கேட்டு வளர்ந்தவருக்கு உள்குரலும் நன்றாக அமைகிறது. வசனத்தில் எங்கே இடறுகிறது என்று கண்டுபிடிக்கத் தெரியாத எழுத்தாளர்கள் இன்று பெருகியிருப்பதற்கு, அவர்களுக்கு யாரும் படித்துக் காட்டவில்லை என்பதே காரணமோ என்று எனக்குச் சந்தேகம்.

நூலகம் கட்டினால் போதாதா என்பதற்கு இந்திய நூலக இயலின் தந்தையே பதில் வைத்திருக்கிறார். சீர்காழிக்காரரான எஸ்.ஆர். அரங்கநாதன் 1931இல் ஐந்து விதிகளை எழுதினார். அதில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்பது. அவர் புத்தகத்தைக் கட்டடத்துக்குள் வைத்துவிட்டு வாசகருக்காகக் காத்திருக்கச் சொல்லவில்லை. அதே 1931இல் மன்னார்குடிப் பக்கத்தில் மேலவாசல் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். 1948இல் சென்னை மாகாணம் இந்தியாவிலேயே முன்னோடியாகப் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டிவருகிறோம். அதனால் கிடைத்த கிளை நூலகங்களை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் பூட்டிக் கிடக்கிற நூலகத்துக்கும் ஆள் புழங்குகிற நூலகத்துக்கும் வித்தியாசம் பெரும்பாலும் ஒரு மனிதர். வங்கதேசத்தில் ராஜ்ஷாஹிப் பக்கத்தில் பொலான் சர்க்கார் என்று ஒருவர் இருந்தார். 1921இல் பிறந்தவர். இளமையில் ஜாத்ரா நாடகக் குழுக்களோடு திரிந்து, பிரதிகளைக் கையால் படியெடுத்து, திரைக்குப் பின்னாலிருந்து வசனம் எடுத்துக் கொடுத்தவர். வயதான காலத்தில் சர்க்கரை நோய்க்கு நடக்கச் சொன்னார் மருத்துவர். நடக்கிறதுதான் நடக்கிறோம் என்று தோளில் பையை மாட்டிக்கொண்டு, வீடு வீடாகப் புத்தகம் கொடுத்து, படித்து முடித்ததை வாங்கிக்கொண்டு, வேறொன்று கொடுத்து நடந்தார். 2011இல் அந்த நாட்டின் ஏகுஷே விருது வந்தது, 2019இல் காலமானார். அவர் செய்ததை நடமாடும் நூலகம் என்று எழுதுகிறார்கள். எனக்கோ அவர் வசனம் எடுத்துக் கொடுத்தவர் என்பதுதான் முக்கியமாகப் படுகிறது. மேடையில் ஒருவர் திணறும்போது அடுத்த சொல்லை மெதுவாக நீட்டுகிறவர். கடைசி வரைக்கும் அந்த வேலையைத்தான் செய்தார்.

எல்லாம் சரி, ஷிஃப்ட் முறையில் வேலை செய்கிற ஊரில் இதெல்லாம் நடக்குமா என்பது கடைசித் தடை. இருப்பதிலேயே கனமானதும் அதுதான். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார் ஓடி வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் செல்போன் ஆலை வந்து, 2014இல் மூடியும்விட்டது. ஒரகடத்தில் 2010 முதல் கார், லாரி, மோட்டார் சைக்கிள் என்று வரிசையாக. வெளியூரிலிருந்தும் வெளிமாநிலத்திலிருந்தும் வந்தவர்கள் அறைக்கு இத்தனை பேர் என்று தங்குகிறார்கள். வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 2024இல் திறந்த குடியிருப்பில் 18,720 பேர் தங்கலாம். அங்கே திண்ணை இல்லை, முதியவரும் இல்லை. பக்கத்துக் கட்டிலில் இருப்பவரும் அதே வயது, வேறு ஷிஃப்ட். ஆனால் தொழிற்சாலை என்றால் வாசிப்புக்கு ஆகாது என்பது மட்டும் சரித்திரத்துக்கு ஒத்துவராது. ஹவானாவில் 1865இல் எல் ஃபிகாரோ என்ற சுருட்டுத் தொழிற்சாலையில் தொழிலாளர்கள் சுருட்டுச் சுற்றும்போது ஒருவர் மேடைமேல் உட்கார்ந்து புத்தகம் படிக்கத் தொடங்கினார். அவருக்குச் சம்பளம் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து போட்டது. எந்த நாவல் என்பதும் அவர்கள் முடிவு. அடுத்த வருஷமே அரசு தடை போட்டது, பிறகு மீண்டும் வந்தது. டியூமாவின் நாவலை அவர்கள் எவ்வளவு விரும்பினார்கள் என்பதற்கு மான்டிகிறிஸ்டோ என்ற சுருட்டின் பெயரே சாட்சி. அமெரிக்காவின் டாம்பாவில் 1931இல் முதலாளிகள் வாசிப்பவர்களை வெளியேற்றினார்கள். தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். புத்தகம் படிக்கிற ஒரு குரலுக்காக உலை அணைந்தாலும் பரவாயில்லை என்று நின்றவர்கள் அவர்கள். நம் பக்கத்திலும் கண்ணூர் பீடித் தொழிலாளர்களில் ஒருவர் பத்திரிகை படிக்க, அவர் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுத்த வழக்கம் இருந்தது. கை வேலை செய்ய, காது சும்மா இருந்த தொழில்கள் அவை. காரைப் பொருத்துகிற லைனில் காது சும்மா இருக்காது, இருக்கவும் கூடாது, அதை ஒப்புக்கொள்கிறேன். அதனால் இடம் லைனில் இல்லை, பஸ்ஸில் இருக்கிறது, ஹாஸ்டலில் இருக்கிறது. பஸ்ஸில் ஏறினால் காதில் ஏற்கெனவே போன் இருக்கிறதே, ஒலிநூல் கேட்கட்டுமே என்பார்கள். கேட்கட்டும், நல்லதுதான். ஆனால் போனில் ஒலிக்கும் குரல் ஒவ்வொருவர் காதுக்கும் தனித்தனி. பக்கத்துச் சீட்டுக்காரருக்கு ஒரு சொல்லும் சிந்தாது. குறுக்கே ஒரு கேள்வி கேட்டால் அது நிற்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்தைப் புரட்டிக் காட்டும் விரல் அதில் இல்லை; புத்தகம் எங்கே இருக்கிறது என்பதை அது மறைத்துவிடுகிறது.

கூத்துக்கு இந்த வட்டாரத்தில் இப்போதும் இளைஞர் கூட்டம் உண்டு. இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியும்வரை நடப்பதால், இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்குகிறவரும் பேட்ஜைக் கழற்றாமலே நின்று பார்த்துவிட்டுப் போகலாம். பிரசங்கத்தின் பாடு அப்படி இல்லை. அது பிற்பகலில் நடக்கிறது. முதல் ஷிஃப்ட்காரர் இன்னும் வந்து சேரவில்லை, இரண்டாம் ஷிஃப்ட்காரர் உள்ளே போய்விட்டார். பந்தலில் இருப்பவர்கள் வயதானவர்களும் பள்ளிக்கூடம் போகாத சின்னதுகளும். ஆனால் ஒலிபெருக்கிக் குழாயை எப்போதும்போலத் தெருக்கோடி வரைக்கும் கட்டியிருப்பார்கள். இரவு வேலை பார்த்துவிட்டு வந்து, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு இருட்டாக்கிக்கொண்டு படுத்திருக்கிறவருக்குத் தூக்கம் கெடுகிறது. எரிச்சல்தான் வரும், வராமல் என்ன. புரண்டு படுத்துத் தலையணையைக் காதில் அழுத்திக்கொள்கிறார். பாட்டு இழுபடுகிறது, பதம் பிரிகிறது, எங்கோ ஒரு கிளைக்கதை, யாரோ சிரிக்கிறார்கள். அரைத் தூக்கத்தில் இருக்கும் அவருக்கு, பெரியவர் திரும்பி வந்து கடைசி அடியை இரண்டாம் முறை படிப்பது கேட்கிறது.